பேண்ட் செட் உடைகள்: பீரோவில் வைப்பதும் ஏற்காட்டுக்கு எடுத்துப்போவதும்

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டது இதுதான். சேலத்தில் உங்கள் பள்ளியின் பேண்ட் வாத்தியக் குழுவுக்கு 42 செட் யூனிஃபார்ம் இருக்கிறது. பிப்ரவரியில் ஆண்டு விழா முடிந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு, மாடிப்படிக்குக் கீழே உள்ள இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். ஜூனில் திறந்தால் காலரில் சாம்பல் நிறப் புள்ளிகள், மூக்கைத் துளைக்கும் பூஞ்சை வாடை, பட்டன்களில் பச்சைக் களிம்பு. அக்டோபரில் ஏற்காட்டில் ஒரு பள்ளி விழாவில் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். இந்த வருடம் புதிதாகத் தைக்கப் பணம் இல்லை. இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது, கசங்காமல் மலைக்கு எப்படிக் கொண்டுபோவது?

மலையில் ஒரு விடுதிப் பள்ளியின் பேண்ட் ஸ்டோரைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

"சேலத்து வெயிலில் எப்படிப் பூஞ்சை பிடிக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அந்த ஈரம் மழையில் வந்ததில்லை, பிள்ளைகளின் உடம்பிலிருந்து வந்தது. கழுத்து வரை பட்டன் போட்ட, லைனிங் கொடுத்துத் தைத்த கோட்டுக்குள் அரை மணி நேரம் டிரம் அடித்தால் பனியன் நனைந்து, லைனிங் நனைந்து, அக்குளும் காலரும் ஊறிவிடும். வெளித்துணியைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த நிலையில் பிளாஸ்டிக் உறையைப் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். உறைக்குள் அந்த அளவு வர ஒரே ஒரு ஈரக் கோட்டு போதும், வெளியே வெயில் எத்தனை டிகிரி அடித்தாலும் சரி. போதாததற்கு வியர்வையில் உப்பு இருக்கிறது. தண்ணீர் உலர்ந்தாலும் உப்பு துணியிலேயே தங்கி, காற்றில் உள்ள ஈரத்தை மறுபடி மறுபடி இழுக்கும். பித்தளைப் பட்டனில் களிம்பு ஏற்றுவதும் அதே உப்புதான்.

அதனால் நிகழ்ச்சி முடிந்த அன்று சாயங்காலம்தான் உண்மையான பராமரிப்பு நடக்க வேண்டிய நேரம். எல்லோரும் களைத்துப்போய் வீட்டுக்குப் போக அவசரப்படுகிற நேரம் அது என்பது தெரியும். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தை விடாதீர்கள். காந்தி ஸ்டேடியத்தில் குடியரசு தின அணிவகுப்பை முடித்துவிட்டு வந்தாலும், உள்ளூரில் விளையாட்டு விழா முடிந்தாலும் நடைமுறை ஒன்றுதான். பிள்ளைகளே கோட்டைக் கழற்றி, பையைத் துழாவி மிட்டாய், டிஷ்யூ, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மறந்துபோன ஒரு சாக்லேட் எறும்பைக் கூட்டி வரும், கறையும் போகாது. பிறகு கோட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, ஹாலில் குறுக்கே கட்டிய கொடியில் ஹேங்கரோடு தொங்கவிட்டு, இரவு முழுக்க மின்விசிறியை ஓட விடுங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். தொங்கவிடும்போதே சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, காலரின் உள்பக்கத்தையும் அக்குளையும் துடைத்துவிடுங்கள். உப்பு அன்றே போய்விடும். வெள்ளை கையுறை, சாக்ஸ், ஷூவுக்கு மேல் மாட்டும் கெய்ட்டர் உறை மூன்றையும் அன்றைக்கே துவைத்துவிட வேண்டும்.

கோட்டை வெயிலில் காயப்போடாதீர்கள். சேலம் வெயில் சிவப்புத் துணியின் தோள்பட்டையை வெளுக்கவைத்துவிடும். அப்புறம் வரிசையில் நிற்கும்போது அந்தப் பிள்ளையின் கோட்டு மட்டும் தனியாகத் தெரியும். நிழலும் காற்றும்தான் வேண்டும்.

வியர்வை கோட்டுக்கு வருவதையே குறைக்கவும் வழி இருக்கிறது. உள்ளே கை வைத்த பருத்தி பனியனைக் கட்டாயமாக்குங்கள், கை இல்லாத பனியன் அக்குளைக் காப்பாற்றாது. இன்னொன்று, டெய்லரிடம் சொல்லி உள்ளங்கை அளவில் இரண்டு மடிப்புப் பருத்தித் துணித் திண்டு தைத்து, அக்குளின் உள்ளே பிரஸ் பட்டன் வைத்து மாட்டுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அதை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும். நான் பார்த்ததில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறைக்கு முன்னால், எல்லா கோட்டையும் டிரை வாஷ் கொடுங்கள். ஆனால் டிரை வாஷ் கொடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அதில் தண்ணீருக்குப் பதிலாக ரசாயனக் கரைப்பான்தான் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கு அதில் நன்றாகப் போகும், வியர்வை உப்பு சரியாகப் போகாது. முன்பு சொன்ன ஈரத்துணித் துடைப்பு இதற்காகவும்தான். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை அன்றே கழற்றி, ஒரு நாள் காற்றாட விட்ட பிறகுதான் பீரோவில் வைக்க வேண்டும். சிவப்புக் கோட்டின் ஓரங்களில் வெள்ளை பைப்பிங் (மெல்லிய கரைத் துணி) இருந்தால் வீட்டில் முழுதாக நனைத்துத் துவைக்க வேண்டாம். துவைத்தே ஆக வேண்டும் என்றால், நனைந்த வெள்ளைத் துணியை உள்மடிப்பில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

உறைக்குப் பழைய பருத்தி வேட்டிதான் சிறந்தது. எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர் நீளம் இருக்கும். அதில் 1.2 மீட்டர் வீதம் மூன்று உறை வெட்டலாம். அகலத்தை இரண்டாக மடித்து ஓரம் தைத்து, மேலே தோள் சரிவாகத் தைத்து ஹேங்கர் கொக்கிக்கு ஓட்டை விட்டால் போதும், கீழே திறந்தே இருக்கட்டும். 42 கோட்டுக்கு 14 வேட்டி. பெற்றோரிடம் கேட்டால் ஒரே வாரத்தில் சேர்ந்துவிடும். தூசி உள்ளே போகாது, காற்று போகும். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம்.

அந்துருண்டை போடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் கோட்டு என்ன துணி என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான பள்ளிகளில் பேண்ட் கோட்டு டெரிகாட்டன் அல்லது பாலியஸ்டர் கலப்புதான். அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் இறகையும். ஆக, உங்களுக்கு அந்துப்பூச்சி பயம் பெரட் தொப்பிக்கும் இறகுக் குஞ்சத்துக்கும் மட்டுமே. பருத்தித் துணியைக் கடிப்பது ராமபாணப் பூச்சி. அது தேடி வருவது கஞ்சியை. அதனால் கஞ்சி போட்ட எதையும் அப்படியே விடுமுறைக்கு மூட்டை கட்டாதீர்கள். அலசிக் காயவைத்து வையுங்கள், கஞ்சியை நிகழ்ச்சிக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் பிள்ளைகள் உடுத்துகிற துணியில் அந்துருண்டை வேண்டாம். நாப்தலின் ஆவியாகித் துணியில் ஏறுகிறது. ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பள்ளிக்குப் பெரும்பாலும் தெரியாது. அதோடு, அந்துருண்டையையும் கற்பூரத்தையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகி, துணியில் எண்ணெய்க் கறைபோல் இறங்கும். நம் வீடுகளில் பட்டுப்புடவைக்கு வைப்பதுபோல வசம்புத் துண்டை மெல்லிய துணியில் முடிந்து மூலைக்கு ஒன்றாக வைக்கலாம். அந்த வாசனை பூச்சியை ஓரளவு விலக்கும், ஆனால் ஏற்கெனவே முட்டை இருந்தால் அதை ஒன்றும் செய்யாது. அழுக்கில்லாமல் காய்ந்த துணியாக வைப்பதுதான் பெரிய பாதுகாப்பு.

பீரோவை மாடிப்படிக்குக் கீழிருந்து மாற்றுங்கள். இது தவிர்க்கக்கூடாத வேலை. அங்கே காற்றோட்டம் இருக்காது. படி கழுவும் தண்ணீர் சுவரில் இறங்கும். பக்கத்தில் விளையாட்டுச் சாமான் இருந்தால் எலியும் வரும். மழைச்சாரல் அடிக்காத சுவரோரம், சுவரிலிருந்து அரை அடி தள்ளி, அடியில் மரக்கட்டை வைத்து நிறுத்துங்கள். கதவின் மேலும் கீழும் நாலைந்து ஓட்டை போட்டுக் கொசுவலைக் கம்பி ஒட்டினால் உள்ளே காற்று ஓடும். மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பைகள் வைக்கலாம். நீல மணி உள்ளதைத் தவிர்த்து ஆரஞ்சு மணி வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது. ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறினால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டது என்று அர்த்தம். மணிகளைத் தட்டில் கொட்டி 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். சிலர் அரிசி முடிச்சுப் போடுவார்கள். அது ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, வண்டுதான் வரும். மலையில் பீரோ அடியில் குண்டு பல்பை எரியவிடும் பழக்கம் உண்டு. சூட்டில் ஈரப்பதம் குறைவது உண்மை. ஆனால் பூட்டிய பள்ளியில், துணிக்குக் கீழே, ஆளில்லாமல் சூடான பல்பு எரிவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்.இ.டி. பல்பு போட்டால் தேவையான சூடும் வராது.

பட்டன்களுக்கு வருவோம். பித்தளை பாலிஷான பிராஸோவை எடுக்கும் முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, பிராஸோ தேய்த்தால் முலாமே போய்விடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். காந்தம் ஒட்டாமல், களிம்பு பச்சையாக ஏறியிருந்தால் பித்தளை. பழைய எக்ஸ்ரே படத்தில் விளிம்பிலிருந்து ஒரு பிளவு வெட்டி, பட்டனுக்கு அடியில் செருகிக்கொண்டு தேய்த்தால் துணியில் கறை படாது. சரிகைப் பின்னல் உள்ள தோள்பட்டைப் பட்டிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றி, மடிக்காமல் தட்டையாக, வெள்ளைத் தாளில் சுற்றி வையுங்கள். மடித்த இடத்தில் சரிகை ஒடியும். வெள்ளி நிறப் பின்னல், வெள்ளி முலாம் பூசிய டிரம்பெட் இவற்றின் பக்கத்தில் ரப்பர் பேண்டு இருக்கவே கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்கிறவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

மார்பின் குறுக்கே போடும் வெள்ளை கிராஸ் பெல்ட் பெரும்பாலும் பி.வி.சி.தான். அதைச் செய்தித்தாளில் சுற்றினால் அச்சு எழுத்து அப்படியே பெல்ட்டில் ஏறிக்கொள்ளும், பிறகு எதைப் போட்டாலும் போகாது. ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் வெள்ளைத் துணி கொடுத்துச் சுருட்டி வையுங்கள். தொப்பிக்குள்ளும் வெள்ளைத் தாளையே திணியுங்கள். இறகுக் குஞ்சங்களுக்கு இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பை குஞ்சத்தின் நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, மூடியில் சின்ன ஓட்டை போட்டால் சேமிக்கவும் எடுத்துப்போகவும் அதுவே உறை.

ஒரு பிள்ளையின் கோட்டு, கால்சட்டை, தொப்பி, பெல்ட், ஹேங்கர், உறை எல்லாவற்றிலும் ஒரே எண்ணை நாடாவில் எழுதித் தைத்துவிடுங்கள். பெயர் எழுத வேண்டாம், பிள்ளைகள் வருடா வருடம் மாறுவார்கள்.

இப்போது பயணம். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதைக்கு ஒரே ஒரு விதி சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பிள்ளைகள் யாரும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஏறக்கூடாது. மேலே போவதற்குள் நாலைந்து பிள்ளைகளாவது வாந்தி எடுப்பார்கள். கோட்டில் பட்டுவிட்டால் அங்கே போய் அலச முடியாது, அலசினாலும் காயாது. பி.டி. உடையில் வரட்டும். யூனிஃபார்ம் தனியாக வரட்டும். விழா நடத்தும் பள்ளியிடம் முன்கூட்டியே பேசி, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி வகுப்பறை கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தால் நிதானமாக உடை மாற்றலாம். மலையில் கூட்டம் அதிகமானால் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சமவெளிக்குள் போவதென்றால் பஸ்ஸில் குறுக்கே ஜி.ஐ. பைப் கட்டி ஹேங்கரோடு தொங்கவிடலாம். மலைப்பாதைக்கு அது சரிவராது. ஒவ்வொரு வளைவிலும் மொத்தக் கோட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து, ஹேங்கர் கழன்று, மேலே போய்ச் சேரும்போது எல்லாம் தரையில் கிடக்கும். படுக்கவைத்து எடுத்துப்போவதே நல்லது. கோட்டு நீளத்துக்கு உள்ள பெட்டி அல்லது சூட்கேஸில் ஆறு கோட்டுக்கு மேல் வேண்டாம். பட்டனைப் போட்டு, வேட்டி உறையோடு, ஒன்றின் காலர் இந்தப் பக்கம் இருந்தால் அடுத்ததன் காலர் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். அப்போதுதான் தோள்பட்டை ஒரே இடத்தில் குவியாது. கால்சட்டையை நடுவில் மடிக்க வேண்டிய இடத்தில் சுருட்டிய துண்டை வைத்து அதன்மேல் மடித்தால் கோடு விழாது.

டாடா ஏஸ் போன்ற திறந்த வண்டியில் அனுப்புவதாக இருந்தால் தார்ப்பாயை மேலே மட்டும் போட்டால் பத்தாது. அடியிலும் விரித்து, பெட்டிகளை வைத்து, மேல்பக்கம் மடித்துக் கட்டுங்கள். அக்டோபர் மழையில் தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறும். சாம்பார் வாளியையும் புளியோதரை டப்பாவையும் அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். டிரம்களை யூனிஃபார்ம் பெட்டிமேல் அடுக்காதீர்கள்.

கையில் ஒரு பெட்டி தனியாக வேண்டும். ஊசி, நூல், உதிரி பட்டன், ஊக்கு, நாலைந்து ஜோடி உதிரி கையுறை, கறுப்பு சாக்ஸ், வெள்ளைச் சாக்பீஸ், இரண்டு துண்டு, வெவ்வேறு அளவில் இரண்டு முழு செட். கையுறையில் கடைசி நிமிடம் கறை பட்டால் சாக்பீஸைத் தேய்த்தால் தூரத்துக்குத் தெரியாது.

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வெப்பம் ஏழெட்டு டிகிரி குறையும், மூடுபனி எந்த நேரமும் இறங்கும். இரவு தங்குவதாக இருந்தால் யூனிஃபார்ம் வைத்த அறையின் ஜன்னலைச் சாயங்காலமே சாத்திவிடுங்கள். பனி உள்ளே வந்தால் காலையில் கோட்டு நமத்துப்போயிருக்கும், இஸ்திரிக் கோடு எல்லாம் கலைந்திருக்கும். முடிந்தால் ஒரு இஸ்திரிப்பெட்டியை எடுத்துப்போங்கள், அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம். திரும்பும்போது ஈரக் கோட்டுதான் பெட்டிக்குள் போகும், வேறு வழியில்லை. அதனால் இரவு எத்தனை மணிக்குச் சேலம் வந்தாலும் பெட்டிகளைத் திறந்து, கோட்டுகளைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஜூனில் நீங்கள் பார்த்தது மறுபடி நடக்கும்.

கடைசியாக, இப்போது புள்ளி விழுந்திருக்கும் கோட்டுகள். முதலில் அவற்றைப் பிரித்தெடுத்து, கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். அறைக்குள் தட்டினால் பூஞ்சைத் தூள் மற்ற கோட்டுகளுக்கும் பரவும், பிள்ளைகளுக்கும் ஆகாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி இளவெயிலில் ஒரு மணி நேரம் போட்டு, பிறகு காற்றில் விடுங்கள். வெயிலைத் தவிர்க்கச் சொன்ன நானே வெயிலில் போடச் சொல்வது இந்த ஒரு காரியத்துக்காக மட்டும்தான். பிறகு வெள்ளை வினிகரை அதே அளவு தண்ணீரில் கலந்து, மறைவான இடத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, புள்ளிகளை ஒற்றி எடுங்கள். அது உலர்ந்ததும் டிரை வாஷ் கொடுங்கள், புள்ளி விழுந்திருப்பதைக் கடையில் காட்டிச் சொல்லுங்கள். குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், சாயத்தையும் தின்னும், துணியையும் தின்னும்.

சாம்பல் புள்ளி பெரும்பாலும் போகும். கறுத்துப்போன புள்ளி வெள்ளைக் காலரில் போகாது. அதற்காகக் கோட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நல்ல டெய்லர் காலரையும் பைப்பிங்கையும் மட்டும் பிரித்து மாற்றித் தருவார். புதுத் துணியைத் தைக்கும் முன் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் ஈரத்திலேயே காலர் சுருங்கிக் கழுத்தில் இழுக்கும். அக்டோபரில் விழா என்றால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். தீபாவளித் தையல் சேர ஆரம்பித்துவிட்டால் யாரும் பழைய கோட்டைப் பிரிக்க உட்கார மாட்டார்கள்.